மீன் தலைக்குள் இருக்கும் கல்லை வைத்து வயது சொல்ல முடியுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உம்கோமாஸ் முகத்துவாரத்தில் அவருக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளமுள்ள சால்மன் மாட்டியிருக்கிறது. தலைக்கறிக்குத் தலையைப் பிளந்தபோது உள்ளே இரண்டு வெள்ளைக் கல். "இந்த ஜாதி மீன் நாற்பது வருஷம் வாழும், கல்லை அறுத்தால் வளையம் தெரியும், எண்ணினால் வயசு" என்று கூட வந்த நண்பர் சொல்லியிருக்கிறார். மாமா நம்பவில்லை. "மரத்துக்கு வளையம் உண்டு, சரி. நம்ம கடலில் பனியா கொட்டுது? மீனுக்கு எங்கிருந்து வளையம் வரும்? இது மூணு வயசுக் குட்டி" என்றாராம். யார் சொல்வது சரி, வீட்டிலேயே எண்ணிப் பார்க்கலாமா என்பது கேள்வி.

நண்பர் சொன்ன நாற்பது சரி. மாமா சொன்ன மூன்று தப்பு. பெரும்பாலும் அது ஆறு வயதை ஒட்டிய மீன். ஆனால் மாமா எழுப்பிய சந்தேகம் இருக்கிறதே, இந்தத் துறையிலேயே அதைவிட நல்ல கேள்வி கிடையாது. வளையத்தை எண்ணுவது யாருக்கும் கைவரும். ஒரு வளையம் என்றால் ஒரு வருஷம்தான் என்று நிரூபிப்பதுதான் வேலை. வளையம் எண்ணுகிற பழக்கம் தொடங்கி எத்தனையோ காலத்துக்குப் பிறகே அந்த நிரூபணத்தை எல்லோரும் கறாராகக் கேட்க ஆரம்பித்தார்கள்.

முதலில் மீன் எது என்று தெளிவாக்கிக்கொள்வோம். டர்பனில் நாம் சால்மன், டாகா சால்மன் என்று வாங்குவது டின்னில் வரும் சால்மன் இல்லை. கேப் பக்கம் இதைக் கோப் என்பார்கள். ஆர்கைரோசோமஸ் ஜப்போனிக்கஸ் என்பது அறிவியல் பெயர். 1995 வரைக்கும் தென்னாப்பிரிக்காவில் இதையும், கேப் கடலில் அதிகம் கிடைக்கும் வெள்ளிக் கோப்பையும் ஒரே பெயரில்தான் எழுதிவந்தார்கள். மார்க் கிரிஃபித்ஸ், ஃபில் ஹீம்ஸ்ட்ரா என்ற மீன் ஆய்வாளர்கள் அந்த வருஷம்தான் இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். அதற்கு முன்னால் எழுதப்பட்ட வளர்ச்சிக் கணக்குகளில் எந்த எண் எந்த மீனுடையது என்று பிரிப்பது பெரும் தலைவலி. நம் கரையிலேயே சதுரவால் கோப் என்று இன்னொன்று உண்டு. அது சின்ன ஜாதி. அரை மீட்டர்கூட இல்லாத சதுரவால் கோப் வளர்ந்த மீனாக இருக்கும். அதே நீளத்தில் டாகா சால்மன் இன்னும் பிள்ளை. ஜாதி தெரியாமல் வயது பேசிப் பயனில்லை.

இப்போது கல்லுக்கு வருவோம். எலும்பு மீன்கள் எல்லாவற்றுக்கும் உள்காதில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு கற்கள் இருக்கும். காது எலும்பு என்று சிலர் சொல்கிறார்கள், ஆனால் இது எலும்பே இல்லை. அராகனைட் என்ற வடிவத்தில் படிந்த கால்சியம் கார்பனேட், நடுவே கொஞ்சம் புரதம். வேலை இரண்டு: சமநிலை, கேட்பு. மீனின் உடம்பு கிட்டத்தட்ட தண்ணீரின் அடர்த்திதான். அதனால் சத்த அலை வரும்போது உடம்பு தண்ணீரோடு சேர்ந்தே அசையும். கல் கனமானது, அசைவில் பின்தங்கும். அந்தப் பின்தங்கலில் அடியில் இருக்கும் நுண்மயிர்கள் வளையும், மூளைக்குச் செய்தி போகும். கோப் குடும்பத்துக்கு இந்தக் கல் மிகவும் பெரிது. பெரிய சால்மனில் கட்டைவிரல் நகத்தைத் தாண்டிய கல்லும் உண்டு. தம்பி, உங்கள் கல்லைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் கரடுமுரடாகப் புடைத்திருக்கும். மறுபக்கம் வழவழப்பாக, நடுவே தலைப்பிரட்டை வடிவத்தில் ஒரு பள்ளம், அகன்ற தலையும் வளைந்த வாலுமாக ஓடும். அந்தப் பள்ளம் இருந்தால் கோப் குடும்பம்தான், சந்தேகமே வேண்டாம்.

முட்டைக்குள் இருக்கும்போதே தொடங்கி, மீன் சாகும்வரை இந்தக் கல்லின் மேல் படிவு ஏறிக்கொண்டே இருக்கும். ஒருமுறை படிந்தது திரும்பக் கரைவதில்லை. வயது பார்க்க இது ஏன் மற்ற எல்லாவற்றையும்விட நம்பகமானது என்பதற்குக் காரணம் இந்த ஒன்றுதான். செதிலிலும் வளையம் உண்டு. பதினேழாம் நூற்றாண்டிலேயே லேவன்ஹூக் கெண்டைச் செதிலில் பார்த்திருக்கிறார். ஆனால் செதில் உதிரும், அந்த இடத்தில் புதிது முளைக்கும். முளைத்த செதிலின் நடுப்பகுதி வெறுமையாக இருக்கும், பழைய வருஷங்கள் அதில் பதிவாகியிருக்காது. மீன் பட்டினி கிடந்தால் செதிலின் ஓரத்தில் இருந்து கால்சியத்தை உடம்பே திரும்ப எடுத்துக்கொள்ளும். அதோடு, மீன் வளர்வது நின்றால் செதிலும் நிற்கும். காதுக்கல் அப்படி நிற்காது. உடம்பு நீளாத கிழட்டு மீனிலும் அது மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே போகும். அதனால்தான் பல இனங்களில் செதிலைப் பார்த்து எழுதிய வயதெல்லாம் கல்லை அறுத்தபோது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறியது. கல்லை முதலில் வயதுக்காகப் பார்த்தவர் ஜெர்மனியின் ரைபிஷ், 1899இல், ப்ளேஸ் என்ற தட்டை மீனில்.

வளையம் எப்படி உண்டாகிறது? வேகமாக வளரும் பருவத்தில் படிவது ஒரு மாதிரி, மெதுவாக வளரும் பருவத்தில் படிவது வேறு மாதிரி. புரதமும் தாதுவும் சேரும் விகிதம் மாறும். ஒன்று ஒளியை மறைக்கும், இன்னொன்று ஒளியை விடும். கருப்புத் துணிமேல் வைத்து மேலிருந்து விளக்கடித்தால் ஒளி மறைக்கும் பட்டை வெள்ளையாகத் தெரியும். அதே சீவலை நுண்ணோக்கியில் கீழிருந்து விளக்குப் போட்டுப் பார்த்தால் அது கருப்பாகத் தெரியும். புதிதாக உட்காருகிற பிள்ளைகள் எல்லோரும் இந்த இடத்தில் குழம்புவார்கள். எந்த விளக்கில் பார்த்தோம் என்று எழுதாத குறிப்பைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

மாமாவின் பனிக் கேள்விக்குப் பதில்: பனி தேவையில்லை. டர்பன் கடல் அகுல்ஹாஸ் நீரோட்டத்தின் வெதுவெதுப்பில் கிடக்கிறது. குளிர்காலத்திலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், கோடையில் 25 டிகிரி வரைக்கும் போகும். இந்தச் சின்ன வித்தியாசமே போதும். அதோடு வெப்பம் மட்டும் காரணமில்லை. முட்டையிடும் பருவத்தில் உடம்பின் சக்தி எல்லாம் சினைக்குப் போய்விடும், வளர்ச்சி குறையும். இரை வரும் காலம், வராத காலம் என்று உண்டு. ஜூன், ஜூலையில் சார்டீன் கூட்டம் வடக்கே ஏறி வரும்போது பின்னால் வரும் மீன்களுக்கு விருந்து. வெப்பமண்டல மீன்களுக்கு வளையம் கிடையாது என்று ஒரு காலத்தில் பாடப்புத்தகமே சொன்னது. பிறகு பவழப்பாறை மீன்களின் கல்லை அறுத்துப் பார்த்தபோது தெளிவாகவே இருந்தது. எந்தப் பட்டை எந்த மாதத்தில் படியும் என்பது மட்டும் இனத்துக்கு இனம் மாறும். "வெள்ளை என்றால் கோடை" என்று யாராவது பொதுவாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம், வளையம் என்று தெரிவதெல்லாம் வருஷ வளையமும் இல்லை. குஞ்சு கழிமுகத்தை விட்டுக் கடலுக்குப் போனது, காயம்பட்டது, ஒரு மாதம் வெள்ளத்தால் இரை கிடைக்காமல் போனது, எல்லாமே ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும். இவை பொய் வளையங்கள். பெரும்பாலும் கல்லைச் சுற்றி முழுதாக ஓடாமல் பாதியில் மறைந்துவிடும். மிகப் பெரிய தொல்லை முதல் வளையம். கல்லின் நடுப்புள்ளியான கருவை ஒட்டி இருக்கும் கோடு முதல் பிறந்தநாளா, அதற்கு முன் வந்த வேறு கோடா என்பதில் தப்பினால் அந்த இனத்தின் எல்லா மீனுக்கும் ஒரு வயது கூடியோ குறைந்தோ போகும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. 1971இல் ஜியோர்ஜியோ பன்னெல்லா கல்லில் நாள் கணக்கிலும் கோடுகள் இருப்பதைக் காட்டினார். குஞ்சு மீனின் கல்லை மெல்லியதாகத் தேய்த்து, அதிக உருப்பெருக்கத்தில் நாள் கோடுகளை எண்ணினால் அது பிறந்த வாரத்தையே பின்னோக்கிக் கணக்கிடலாம். முதல் வளையம் வரைக்கும் ஏறக்குறைய 365 நாள் கோடு வந்தால் அதுதான் முதல் வருஷம். வளர்ந்த மீனில் இந்த வேலை ஆகாது, கோடுகள் நெருங்கி ஒன்றாகிவிடும்.

சரி, ஒரு வளையம் ஒரு வருஷம் என்று நிரூபிப்பது எப்படி? 1983இல் கனடாவின் பீமிஷும் மக்ஃபார்லேனும் பழைய ஆய்வுகளை நூற்றுக்கணக்கில் புரட்டிப் பார்த்து, எல்லா வயதுக்கும் இதை நிரூபித்தவர்கள் மிகச் சிலரே என்று எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது.

எளிய வழி, வருஷம் முழுக்க மாதாமாதம் மீன் வாங்கிக் கல்லின் ஓரத்தை மட்டும் பார்ப்பது. ஓரத்தில் வெள்ளைப் பட்டை இருக்கும் மீன்களின் விகிதம் வருஷத்தில் ஒரே முறை ஏறி ஒரே முறை இறங்கினால் வளையம் வருஷத்துக்கு ஒன்று. செலவு குறைவு, ஆகவே எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் இளம் மீனில் தெளிவாகத் தெரியும் ஓரம், முப்பது வயது மீனில் மயிரிழை அளவுதான். அங்கே பார்ப்பவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதுவே கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. மீனைப் பிடித்து, ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற சாதாரண ஆன்டிபயாடிக் ஊசியைப் போட்டு, முதுகில் எண் குத்தி, கடலில் விட்டுவிடுவார்கள். அந்த மருந்து கால்சியத்தோடு ஒட்டி அன்றைய படிவில் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு மூன்று வருஷம் கழித்து அதே மீன் யாருடைய தூண்டிலிலாவது மாட்டி, தலை ஆய்வகத்துக்கு வந்தால், புறஊதா விளக்கில் அந்த நாளின் படிவு மட்டும் மஞ்சளாக மின்னும். அதற்கு வெளியே எத்தனை வளையம், கடலில் இருந்தது எத்தனை வருஷம், இரண்டும் ஒத்துப்போகிறதா? ஊகத்துக்கு இடமே இல்லை. ஒரே குறை, மீன் திரும்பக் கிடைக்க வேண்டும். டர்பனின் கடலாய்வு நிறுவனம் 1984இல் இருந்து நடத்தும் அடையாளக்குறித் திட்டம் இப்படித் தூண்டில்காரர்களை நம்பித்தான் ஓடுகிறது. அந்தத் திட்டத்தின் குறிகள் பெரும்பாலும் மீன் எவ்வளவு தூரம் போகிறது, எவ்வளவு வளர்கிறது என்று பார்க்கத்தான். ஊசி போடுவது தனி வேலை.

மூன்றாவது வழி அணுகுண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானில் வெடித்துப் பார்த்த குண்டுகளால் காற்றில் கார்பன்-14 தாறுமாறாக ஏறியது. அது கடலின் மேல்நீரில் கரைந்தது, பவழத்தில் பதிந்தது, மீனின் காதுக்கல்லிலும் பதிந்தது. கல்லின் கருப்பகுதியை மட்டும் குடைந்தெடுத்து அளந்தால், அந்த மீன் குண்டுக்கு முன் பிறந்ததா, ஏற்றத்தின் நடுவில் பிறந்ததா என்று தெரியும். 1993இல் ஜான் காலிஷ் நியூசிலாந்து ஸ்னாப்பர் மீனில் இதைச் செய்துகாட்டினார். மனிதன் செய்த அக்கிரமத்தில் மீன் ஆய்வுக்குக் கிடைத்த ஒரே உபகாரம் இது. ஆழ்கடல் மீனுக்கு வேறு கணக்கு: கல்லுக்குள் மாட்டிய ரேடியம் மெல்ல ஈயமாக மாறும் விகிதத்தைப் பார்ப்பது. ஆரஞ்சு ரஃபி நூறு வயதைத் தாண்டும் என்பதை இது உறுதிப்படுத்தியது. அந்த மீன் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் பெருகும் என்று நினைத்துத்தான் ஆரம்பத்தில் அள்ளினார்கள். பல இடங்களில் கூட்டம் கூட்டமாகக் காலியானது.

வளையம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டோடு சேர்ந்த கதையும் உண்டு. 1938 டிசம்பரில் ஈஸ்ட் லண்டனில் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் கண்டெடுத்த சீலகாந்த் மீனை எல்லோருக்கும் தெரியும். பிறகு கொமரோஸ் தீவுகளில் கிடைத்தவற்றின் செதிலைப் பார்த்து, இது இருபது வருஷத்தை ஒட்டி வாழும் மீன் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 2021இல் ஒரு பிரெஞ்சுக் குழு அதே மாதிரிச் செதில்களை முனைவாக்கிய ஒளியில் பார்த்தது. பெரிய கோடுகளுக்கு நடுவே மங்கலான கோடுகள் ஐந்து மடங்கு இருந்தன. வருஷக் கோடு அவைதான் என்று அவர்கள் வாதிட்டார்கள். பார்த்த மீன்களில் மூத்ததற்கு 84 வயது, ஆயுள் நூறு ஆண்டை ஒட்டி, குஞ்சு வயிற்றில் இருப்பதே ஐந்து வருஷம். மீன் மாறவில்லை, செதிலும் மாறவில்லை.

ஆய்வகத்தில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கல்லை எண்ணுபவருக்கு அந்த மீனின் நீளத்தைச் சொல்லவே கூடாது. "இது பெரிய மீன்" என்று தெரிந்தால் கை தானாக இரண்டு வளையம் கூட்டும். இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, ஒத்துவராததைச் சில வாரம் கழித்து மீண்டும் எண்ணுவார்கள். அப்போதும் ஒத்துவரவில்லை என்றால் அந்தக் கல்லை ஒதுக்கிவிடுவார்கள். இருவர் எண்ணிக்கை ஒத்துப்போவதால் மட்டும் அது சரியாகிவிடாது, இரண்டு பேரும் ஒரே மாதிரி தப்பலாம். மேலே சொன்ன நிரூபணங்கள் எல்லாம் அதற்காகத்தான்.

டாகா சால்மனுக்குக் கிரிஃபித்ஸும் டாம் ஹெக்டும் 1990களில் கல்லை அறுத்துப் பார்த்துச் சொன்ன உச்ச வயது 42. ஆண் மீன் ஐந்து வயதில் 92 சென்டிமீட்டரை ஒட்டியும், பெண் ஆறு வயதில் 107 சென்டிமீட்டரை ஒட்டியும்தான் பருவத்துக்கு வருகிறது. கரையில் இருந்து பிடிப்பவர் வைத்துக்கொள்ள அனுமதி 60 சென்டிமீட்டரில் தொடங்குகிறது, நாளுக்கு ஒன்று. (விதி அவ்வப்போது மாறும், அனுமதிச் சீட்டு வாங்கும்போது பாருங்கள்.) இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருமுறைகூட முட்டையிடாத மீனைச் சட்டப்படியே கறி வைக்கலாம். கிரிஃபித்ஸின் கணக்கில், மீன்பிடியே இல்லாதிருந்தால் இருந்திருக்க வேண்டிய தாய்மீன் எடையில் 5 சதவீதம்கூட அப்போது மிஞ்சியிருக்கவில்லை. 2000 டிசம்பரில் அரசு தூண்டில் மீன்வளத்துக்கே அவசரநிலை அறிவித்தது சும்மா இல்லை. அளவு வரம்பைக் கூட்ட வேண்டும் என்பது என் கட்சி. கழிமுகத்தில் சின்ன மீன்தான் கிடைக்கும், வயிற்றுப்பாட்டுக்குப் பிடிப்பவன் என்ன செய்வான் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள், அதிலும் நியாயம் உண்டு.

மாமா ஏன் மூன்று வயது என்றார் என்பதும் இதில் இருந்து புரியும். டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவிலும் பிறகு ஃபின்லண்ட்ஸிலும் கரைவலை இழுத்த குடும்பங்களின் பெரியவர்களைக் கேட்டால் ஆள் உயரச் சால்மனைப் பற்றிச் சொல்வார்கள். இன்றைக்குக் கரையில் மாட்டுவது பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். இருபது வயது மீனைக் கண்ணால் பார்த்தவர் குறைந்துவிட்டதால், பெரியது என்றாலே மூன்று நான்கு வயதுதான் என்று மனசு அளவெடுத்துக்கொள்கிறது. நீளத்தை வைத்து வயது சொல்வதும் இளம் மீனுக்குத்தான் ஓரளவு சரிப்படும். முதல் சில வருஷம் சால்மன் சரசரவென்று நீளும், பிறகு வேகம் குறைந்துவிடும். ஒன்றரை மீட்டர் மீன் இரண்டைப் பக்கத்தில் போட்டால் ஒன்றுக்கு மற்றதைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். அறுத்தால்தான் தெரியும்.

வீட்டில் செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம். கல்லைக் கறிச்சட்டிக்குள் போவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். வெந்நீர் இதை ஒன்றும் செய்யாது, புளிதான் ஆகாது. அமிலம் பட்டால் இந்தக் கல் கரையும், அதில் முதலில் போவது வெளி ஓரம், அதாவது கடைசி வருஷங்கள். அதே காரணத்துக்காக ஃபார்மலினிலும் போடக் கூடாது. சவ்வைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, மேலே தேதி, இடம், நீளம், ஆணா பெண்ணா என்று எழுதுங்கள். உறையில் எழுதாத கல் ஒரு காசுக்குப் பிரயோசனமில்லை.

ஷேட் போன்ற மீன்களின் மெல்லிய கல்லைத் தண்ணீரில் போட்டு, கருப்புப் பின்னணியில் பூதக்கண்ணாடியால் பார்த்தாலே இளம் மீனுக்கு ஓரளவு தெரியும். சால்மன் கல் தடியானது, வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீளவாக்கில் அறுத்துவிடாதீர்கள், குறுக்காக, சரியாகக் கருவின் வழியே போக வேண்டும். ஆய்வகத்தில் பிசினில் புதைத்து வைர வட்ட ரம்பத்தால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான சீவலாக எடுப்பார்கள். வீட்டில் நகைத் தட்டாரின் மெல்லிய ரம்பம் போதும். கருவுக்குக் கொஞ்சம் வெளியே அறுத்து, நைஸான உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டே கருவை எட்டுங்கள். வெட்டுமுகத்தை ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டினால் ஒளி விடும் பட்டைகள் பழுப்பாகும். சட்டென்று சூடேற்றினால் கல் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் தடவிப் பாருங்கள். வளையங்களைத் தலைப்பிரட்டைப் பள்ளத்தின் ஓரமாக எண்ணுவது வழக்கம், அங்கேதான் அவை தெளிவாக இருக்கும். பிறகு இன்னொரு திசையிலும் எண்ணி இரண்டும் ஒத்துவருகிறதா பாருங்கள்.

உங்கள் மீனில் ஐந்தில் இருந்து எட்டுக்குள் வரும் என்று நினைக்கிறேன். பதினைந்து வந்தால் பொய் வளையங்களையும் சேர்த்து எண்ணிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு கல்லை மட்டும் அறுங்கள். மற்றதை அப்படியே உறையில் வைத்து, அடுத்து மாமாவை எண்ணச் சொல்லுங்கள், உங்கள் எண்ணைச் சொல்லாமல்.